வாசனை தெரியாதவன்

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் கொளஞ்சியப்பன் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் வீட்டில் பால் தீய்ந்து நாறியது. அடுப்படியிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தும் அவனுக்குத் தெரியவில்லை. மனைவி மலர்க்கொடி பயந்துபோய்ச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"கெமிக்கல் நெடியில மூக்கு நரம்பு போயிடுச்சி. அந்த வேலைய விட்டுடுங்க," என்றார் அவர்.

விட்டால் வேறு வேலை ஏது? சூப்பர்வைசரிடம் போய், "சார், எனக்கு வாசனையே தெரியல. வேற செக்‌ஷனுக்கு மாத்திவுடுங்க," என்று கெஞ்சினான்.

மாற்றினார்கள். மற்றவர்கள் நெடி தாங்காமல் பாதியில் ஓடிவந்த டேங்க் கழுவும் வேலைக்கு.

"ஒனக்குத்தான் நாத்தமே தெரியாதேப்பா," என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

அன்று மாலை மகள் இலக்கியா மூக்கைப் பொத்திக்கொண்டு, "குளிச்சிட்டு வாப்பா," என்றாள். கம்பெனியிலேயே சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். மறுபடியும் குளிக்கப் போனான்.