ஏர்பேக் மூடிமேல் வாப்பாவின் பெயர்

ஊர் ஆம்புலன்ஸுக்கு நான்தான் டிரைவர். வளைகுடாவில் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் ஒருவர், இறந்துபோன தன் வாப்பாவின் நினைவாக வாங்கிக் கொடுத்த வண்டி. சாவி கொடுக்கும்போதே ஷோரூம்காரர் சொல்லியிருந்தார்: இடப்பக்க டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது, அதன் மூடிமேல் எதையும் வைக்காதே, வண்டி மோதினால் பை வெடித்து வருகிற வேகத்தில் மேலே இருப்பது உட்கார்ந்திருப்பவர் முகத்தில் பாயும். அதனால் சைரன் பெட்டியை நடுவில் மாட்டினேன், ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரைப் பின்னால் பெட்டிக்குள் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்து பார்த்தால், சரியாக அந்த மூடிமேலேயே ஒரு பித்தளைப் பலகையை வைத்து நான்கு ஸ்குரூ முறுக்கியிருக்கிறார் காக்கா. அதில் வாப்பாவின் பெயர்.

கழற்றச் சொன்னால் பெயரையே அழிக்கச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

"காக்கா, ஏர்பேக்குக்க மேல இது வேண்டாமே" என்றேன்.

"பேரு தெரியாத எடத்துல வச்சு என்னத்துக்கு மக்கா?" என்று போய்விட்டார்.

அதற்குமேல் யாரிடம் போய் முட்டிக்கொள்ள? முன்சீட்டில் ஆள் ஏற்றுவதையே நிறுத்தினேன். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். காரணத்தைச் சொன்னால், இவனுக்குக் கிறுக்கா என்று பார்த்தார்கள்.

காக்கா அடுத்த தடவை ஊருக்கு வந்திருந்தபோது, ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய உம்மாவை வீட்டுக்கு அழைத்துவர மார்த்தாண்டம் போனோம். பலகையைக் கண்டதும் உம்மா நேராக முன்சீட்டில் ஏறிவிட்டார்.

"பின்னால இருங்க உம்மா" என்றேன்.

"நான் இவருக்கப் பக்கத்துல இருந்தே வாறேன்" என்று பெயரைத் தடவினார்.

காக்கா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். என் பொறுமை போயிற்று. அவரை ஓரமாக இழுத்துப்போய், எது வெடிக்கும், எது உம்மாவின் முகத்துக்கு வரும் என்று கொட்டிவிட்டேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து அவரே பலகையைக் கழற்றினார். உம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மடியிலயும் வைக்கப்பிடாது" என்றேன்.

"அப்ப எங்கதான் வைக்க?" என்றார் காக்கா.

மூடியில் நான்கு ஓட்டைகள். ஸ்குரூ பையைத் தொட்டிருக்குமா, பை இனி ஒழுங்காக விரியுமா, அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினோம்.

"அவருக்க பேரு எனக்கு என்ன தீங்கு செய்யும் மக்கா?" என்று உம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பின்கதவைத் திறந்துவிட்டேன்.