கோழியிறகு

குளித்து வந்த மகளின் கன்னத்தில், ஈரம் உலர உலர, வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. பழைய பயம் திரும்பி வந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். தொழுநோய்ச் சோதனைக்கு எங்கள் திருநகர்ப் பள்ளிக்கு வந்தவர், என் கன்னத்துத் திட்டைக் கண்டதும் கோழியிறகை எடுத்தார்.

“கண்ண மூடு. தொட்டதும் சொல்லு.”

உணர்ச்சி இல்லையென்றால் நோய். இருட்டுக்குள் காத்திருந்தேன், ஒன்றுமே தெரியவில்லை. நோய்தானோ என்று பயந்து, “தொட்டுட்டீங்க சார்” என்றேன்.

“இன்னும் தொடவே இல்லயேடா.”

பிறகு இறகு பட்டது. கூசியது. அழுதுவிட்டேன்.

“எதப் போட்டுக் குளிக்கிற?”

“துணி சோப்பு சார்.”

“உப்புத்தண்ணி, அதுல துணி சோப்பு வேற. தோலு வறளாம என்ன செய்யும்? குளிச்ச ஈரத்தோட தேங்காயெண்ணெய் தடவு மாப்ள.”

இப்போதும் எண்ணெயைத்தான் எடுத்தேன். ஆனால் வாய், “கண்ண மூடும்மா, தொட்டதும் சொல்லு” என்றது.

“கூசுதுப்பா” என்று சிரித்தாள்.

நான் இன்னும் தொடவில்லை.