பாய் கடை வெந்நீர்

டோல்கேட் பக்கத்து ஓட்டல்களில் கொழுப்புத் தொட்டி சுத்தம் செய்வது என் பிழைப்பு. பாத்திரம் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும் வழியில் இந்தத் தொட்டியில் தங்கும். கொழுப்பு மேலே உறையும், தண்ணீர் அடியில் நழுவிப் போகும். உறைந்ததை வாரம் ஒருமுறை அள்ளி டிரம்மில் போட வேண்டும். ஊரே சாப்பிட்டு முடித்ததைக் கடைசியாகப் பார்க்கிற கௌரவம் என்னுடையது.

எங்கள் சந்து முனையில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் நல்ல மனிதர், சுத்தக்காரர். அந்தச் சுத்தம்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு திங்கட்கிழமை போய் மூடியைத் தூக்கினால் தொட்டி பளிச்சென்று இருக்கிறது.

"இன்னா பாய் இது?"

"தெனம் ரெண்டு குண்டான் வெந்நீ ஊத்துறோம் நைனா. அல்லாம் கரைஞ்சு பூடுது. இனிமே ஒனக்கு இன்னாத்துக்கு கஷ்டம்?"

"கரைஞ்சது எங்க பாய் போவும்? ரோட்டுக்கு அடில போயி மறுபடியும் ஒறையும்."

"நீ ஒன் தொழிலுக்காவ சொல்ற," என்று சிரித்தார். ஒரு பார்சலும் கட்டிக் கொடுத்தார். வேலை போனதற்கு லெக் பீஸோடு பிரிவுபசாரம் நடந்தது என் ஒருவனுக்காகத்தான் இருக்கும்.

மூன்றாவது வாரம் எங்கள் வீட்டுக் குளியலறையில் சாக்கடை எதிர்த்து வந்தது. கடைக்கும் எங்களுக்கும் ஒரே குழாய், சந்து எங்கள் பக்கம் சரிவு. வாசலில் இருக்கும் சாக்கடைக் குழியைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று கொழுப்பு. சந்தே கூடிவிட்டது. வாசலோரம் என் காலி டிரம்கள் நின்றிருந்தன. பக்கத்து வீட்டு அக்கா டிரம்மைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ஊர்ல அள்ற கலீஜ அல்லாம் எடுத்தாந்து வூட்ல ஊத்திகினு கீறாம்பா."

என் மனைவி அழுதுவிட்டாள். பதினைந்து வருடத்தில் ஒரு கரண்டிக் கொழுப்பைக்கூட நான் சாக்கடையில் விட்டதில்லை. எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். ஆத்திரத்தில் ஒரு கட்டியைக் கம்பியால் இழுத்து உடைத்தேன். அந்த நாற்றத்திலும் பட்டை, கிராம்பு வாசனை வந்தது.

"மோந்து பாருங்க, பிரியாணிக் கொழுப்பு!" என்றேன்.

"பின்ன? பிரியாணிக் கடைலதானே நீ அள்ற," என்றார் அக்கா. நான் அங்கே அள்ளி மூன்று வாரம் ஆகிறது என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

விஷயம் கேள்விப்பட்டுப் பாய் ஓடி வந்தார், மனசு கேட்காமல். பின்னாலேயே கடை ஆட்கள் நான்கு குண்டான் வெந்நீர் தூக்கி வந்தார்கள்.

"தள்ளு நைனா. எங்க தொட்டி இப்டி ஊத்தித்தான் கண்ணாடி கணக்கா கீது."

எல்லோரும்தான் கேட்டார்கள். ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

அக்காவின் வீடு எங்களுக்கும் கீழே, சரிவில் இருக்கிறது. இந்தக் கொழுப்பு கரைந்துபோய் எந்த வாசலில் உறையும் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டுமே தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ ஊத்து பாய், இவனுக்கு இன்னா தெரியும்!" என்றார் அக்கா.

நான் நகர்ந்து வழிவிட்டேன். நான்கு குண்டானையும் குழாய் மடக்மடக்கென்று குடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பெயர் உண்மையில் கெட்டது அப்போதுதான். அதுவரை அவர்கள் சொன்னது பொய்.