கராம்புக் கிடங்கின் மேல்மாடி

இன்று மகளின் பல்வலிக்காகக் கராம்பு ஒன்றை நசுக்கியபோது, இரத்தோட்டையில் கராம்புக் கிடங்கின் மேல்மாடியில் நடந்த எங்கள் கணித வகுப்புக்குள் மறுபடியும் அடைபட்டுப்போனேன். வீதியை அகலமாக்கியபோது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சாக்குகளின் காரவாசம் பலகைத் தரையின் இடுக்குகளால் ஏறிவந்து கண்ணைக் கரிக்க, தகரக் கூரையில் மழை ஓயாமல் அடிக்க, கணக்கை முடிக்காதவர்கள் வெளியே போகக்கூடாதென்று, கணிதம் படிப்பித்த சேர் கதவை வெளிப்பக்கம் தாழ்போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்.

ஒரு மாலை நானும் சிநேகிதி பரீனாவும் மட்டும் மிஞ்சினோம். மிச்சமிருந்த கணக்கு இதுதான்: ஈரிலக்க எண்ணொன்றின் இலக்கங்களைப் பெருக்கினால் பன்னிரண்டு. எண்ணோடு முப்பத்தாறைக் கூட்டினால் இலக்கங்கள் இடம் மாறும். முதல் இலக்கத்தை x என்றும் மற்றதை அதைவிட நாலு கூட என்றும் வைத்து, இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தேன். x-க்கு விடையாக 2 வந்தது, மைனஸ் ஆறும் வந்தது. எதை எழுதுவதென்று தெரியவில்லை. கீழே எங்கள் வீடிருந்த தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"மைனஸ்ல எலக்கம் இருக்குமா புள்ள? அத வெட்டு," என்றாள் பரீனா.

அப்படியென்றால் இருபத்தாறு! கதவைத் தட்டினோம், யாரும் வரவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தால், சேர் எங்களை மறந்து அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சேர், இருபத்தாறு!" என்று கம்பிகளுக்கு நடுவே கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆ, சரி சரி!" என்று கையை உயர்த்தினார். பஸ் புறப்பட்டது.

பரீனாவின் வாப்பா தேடி வந்து கதவைத் திறக்கும்வரை, சரியான விடையோடு நாங்கள் உள்ளேயே இருந்தோம்.