எனக்குக் கூட்டம்னா ஆகாது

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. சேத்தியாத்தோப்பில், என் நாத்தனார் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேல் இருக்கிறது. போன வாரம்கூடத் திருப்பிக் கேட்டேன். "தர முடியாது அண்ணி. முடியாதுன்னு சொல்லப் பழகணும்னு நாலாவது பாடத்துல போட்டிருக்கு, அதான் பழகுறேன்" என்கிறாள். இவளுக்குப் போய்க் கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அது எனக்கு வந்த கதையே ஒரு வயிற்றெரிச்சல். குடியிருப்பது சிதம்பரம், வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தில். பொங்கலுக்கு அலுவலகத்தில் கோலப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஹாட் பாக்ஸ். அதைக் குறிவைத்து இருபத்தொரு புள்ளியில் சிக்குக் கோலம் போட்டேன், ஒரு இழை தப்பவில்லை. ஹாட் பாக்ஸோ மயில் வரைந்த பெண்ணுக்குப் போனது. அந்த மயிலுக்கு மூன்று கால் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு சுயமுன்னேற்றப் புத்தகம். நீங்கள் நீங்களாகவே வாழுங்கள் என்று இருநூறு பக்கம். "ஹாட் பாக்ஸ் கெடைக்கலன்னு வருத்தமா?" என்று கேட்டார் பரிசு கொடுத்த அதிகாரி. "ஐயோ, பரவால்ல சார்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். பஸ் ஏறிப் புதுச்சத்திரம் தாண்டும்வரை உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

என் சுபாவம் அப்படி. கோபம் மூக்குக்கு மேல் வரும், வாய்க்கு மட்டும் வராது. வாய்க்கு வருவது 'பரவால்ல' ஒன்றுதான். கோப்பின் மேல் டீயைக் கொட்டினாலும் பரவால்ல, ஜாக்கெட்டை இறுக்கித் தைத்துக் கொடுத்தாலும் பரவால்ல. பிறகு வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். என் கோபமெல்லாம் எங்கள் வீட்டுக் குண்டான்களின் அடிப்பக்கத்தில் நசுங்கலாக இருக்கிறது.

இந்த மாதிரிப் புத்தகங்கள் என்றாலே எனக்கு இளக்காரம். விடியற்காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் நின்று 'நான் வெல்வேன்' என்று பத்து முறை சொல்லச் சொல்லும். ஐந்து மணிக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ஏழேகால் பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு ஏது கண்ணாடி? பொட்டு நேராக இருக்கிறதா என்று பஸ் ஜன்னலில்தான் பார்த்துக்கொள்வேன். ஆனால் ஒருநாள் சிதம்பரத்திலேயே செல்போன் சார்ஜ் தீர்ந்துபோனது. கைப்பையிலேயே கிடந்த அந்தப் புத்தகத்தைத் தவிர படிக்க வேறு எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் பிரித்தேன்.

பாதிக்குப் பாதி உளறல்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரு கேள்வியும், பதில் எழுத ஐந்து கோடுகளும் இருந்தன. மூன்றாம் பாடத்தின் கேள்வி இது: நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி, மற்றவர்கள் உங்கள் குணம் என்றே நம்பிவிட்ட பொய் எது?

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பொய் சொல்கிறவளா? ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றது, கும்பலாக ஏறினார்கள். ஒருத்தியின் முழங்கை என் விலாவில், ஒருத்தியின் சாப்பாட்டுக் கூடை என் மடியில். தலைக்கு மேல் யாரோ யாருடைய கல்யாணத்தையோ பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் ஆவலாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. தினமும் போக வர இரண்டரை மணி நேரம் இந்த நெரிசலில் இடிபட்டுக்கொண்டு, அதையும் ரசித்துக்கொண்டு வருகிறவள் நான். எனக்குத்தான் கூட்டம்னா ஆகாதாம்!

விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் வீடு தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. சிதம்பரத்தில், அதுவும் தேரோடும் வீதிக்குப் பக்கத்தில், வீடு இருந்தால் வருஷத்துக்கு இரண்டு முறை அது வீடில்லை, சத்திரம். ஆனித் தேருக்கும் மார்கழித் தேருக்கும் என் கணவர் வழிச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இறங்கும். கல்யாணமான முதல் ஆனியில் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் தேர் பார்க்கக் கிளம்பும்போது என் மாமியார் முழங்கால் வலியோடு, நான் இருந்து சமைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனார். நல்ல மனுஷி. முகத்தில் அவ்வளவு ஆசை தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க போங்க அத்தை. எனக்குக் கூட்டம்னா ஆகாது" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அடுத்த தேருக்கு மாமியாரே எல்லோரிடமும் சொன்னார், அதுக்குக் கூட்டம்னா ஆகாது, பாவம், கட்டாயப்படுத்தாதீங்க என்று. அதற்கடுத்த வருஷம் நானும் அதையே சொன்னேன். மாமியார் காலமாகி ஆறு வருஷமாகிறது, அவர் பரப்பிய செய்தி மட்டும் அப்படியே இருந்தது. என் மகள் கல்லூரித் தோழிகளிடம், அம்மாவுக்கு க்ரௌடு அலர்ஜி என்று சொல்கிறாள். கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாத மாதிரி!

ஆக, இருபத்தொரு வருஷமாகச் சிதம்பரத்தில் இருந்துகொண்டு நான் நிற்கிற தேரைத்தான் பார்த்திருக்கிறேன். ஓடுகிற தேரைக் காதால்தான் கேட்டேன். வேட்டுச் சத்தம் கீழ வீதிப் பக்கம் கேட்டால் பருப்பை இறக்குவேன். தெற்கு வீதி முனையில் கேட்டால் சாம்பாருக்குத் தாளிப்பேன். கடுகு வெடிக்கும்போது வெளியே ஜனங்கள் ஹோவென்று கத்துவார்கள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது அந்த வடத்தைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஆடுகிற பஸ்ஸில், ஐந்து கோடுகளில் முதல் கோட்டில் பென்சிலால் எழுதினேன்: கூட்டம்.

எழுதியது சுலபம், சொல்வதுதான் பெரும்பாடு. புத்தகம் சின்ன விஷயத்தில் ஆரம்பிக்கச் சொன்னது. மறுநாள் கடலூரிலிருந்து திரும்பும்போது பக்கத்தில் கிள்ளைக்குப் போகிற ஓர் அம்மா, முக்கால் சீட்டை அடைத்துப் பையை வைத்துக்கொண்டு, இடைஞ்சலா இருக்கா என்று கேட்டார். நாக்கு நுனிவரை வந்த பரவால்லயைக் கடித்து விழுங்கிவிட்டு, ஆமாங்க, கொஞ்சம் இடைஞ்சல்தான் என்றேன். அந்த அம்மா, அட அதுக்கென்ன என்று பையைக் காலடியில் தள்ளிவிட்டு, அதிலிருந்தே ஒரு கை வேர்க்கடலையை அள்ளிக் கொடுத்தார். இறங்கும்வரை பேசிக்கொண்டு வந்தோம். இதற்குப் போய் இத்தனை வருஷம் பயந்தேனே என்று எனக்கே சிரிப்பாக வந்தது.

அடுத்தது என் கணவர். மேல வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், சாது. மனதில் இருப்பதைச் சொல்ல, புத்தகம் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்திருந்தது: 'நான் இவ்வாறு உணர்கிறேன்' என்று தொடங்க வேண்டுமாம். சிதம்பரத்தில் எவர் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? இருந்தாலும் சாப்பாடு போடும்போது, "என்னங்க, நான் ஒண்ணு உணர்றேன்" என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "என்னா, ஜொரமா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அதற்கு மேல் எங்கே உணர்வது? ரசத்தை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி பிறந்தது. நாத்தனார் போன் செய்தாள், பதினாலு பேர் வர்றோம் அண்ணி, பரவால்லயா என்று. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று மூச்சை இழுத்துப் பிடித்தேன். வாயிலிருந்து வந்தது, வரும்போது நல்ல முருங்கைக்காய் கிடைத்தால் வாங்கி வா என்பதுதான். போனை வைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன். அன்றைக்கும் ஒரு குண்டான் நசுங்கியது.

தேருக்கு முதல் நாள் மத்தியானம் எல்லோரும் வந்து இறங்கினார்கள். நானும் நாத்தனாரும் அடுப்படியில் உட்கார்ந்து மறுநாளைக்குக் காய் அரிந்துகொண்டிருந்தோம். என் கணவர் அடுப்படி வாசலில் நின்று, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று அவளிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை. அரிவாள்மணையைப் படுக்கப் போட்டேன்.

"நானும் வர்றேன். நான் வடம் புடிக்கணும். இருவத்தோரு வருஷமா நான் ஒருத்தி இங்க தாளிச்சிக்கிட்டே கெடக்கிறேன், வாடின்னு ஒரு வார்த்தை யாராவது கூப்புட்டீங்களா?"

எழுந்துவிட்டேன். ஒரு பெரிய சண்டைக்கு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை, பாவமாக இருந்தது.

"நீதானே சொன்ன, கூட்டம்னா ஆகாதுன்னு? அம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அவள கஷ்டப்படுத்தாதன்னு. உனக்கு ஆசைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

யாரும் என்னை அடைத்து வைக்கவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு, திறக்கவில்லையே என்று உள்ளிருந்து கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மாமியாரை நினைத்தும் அழுதேன்.

அப்போதுதான் நாத்தனார், முருங்கைக்காயை வெட்டியபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எனக்குத்தான் அண்ணி நெஜமாவே கூட்டம்னா ஆகாது. மூச்சு முட்டும். நீங்க வேல செய்யிற வீட்டுல நான் சும்மா குந்தியிருந்தா நல்லா இருக்காதேன்னு வருஷா வருஷம் போயி மிதிபட்டுட்டு வர்றேன். நாளைக்கு நீங்க போங்க, நான் சமைக்கிறேன்." அடுத்த காயை எடுத்துக்கொண்டே, "அப்பிடியே இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க சாம்பார்ல புளி ஜாஸ்தி. இத்தினி வருஷமா பரவால்லன்னு சாப்புட்டேன்" என்றாள்.

என் கணவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் மூவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கூடத்திலிருந்து நாத்தனார் கணவர், என்னா மச்சான் அங்க என்று எட்டிப் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்தச் சாயங்காலமே புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். புளி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதையும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலை குளித்து, கல்யாண நாளுக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். உப்பு எங்கே, பெருங்காயம் எங்கே என்று நாத்தனாருக்குச் சொல்லிக்கொண்டே நின்றேன். அவள் கரண்டியைக் காட்டி விரட்டினாள். கீழ வீதியில் கால் வைக்க இடமில்லை. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போய், அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் பிடித்திருந்த இடத்தில் என்னை விட்டார். பயமாருக்கா என்று கேட்டார். "ஆமா, ஆனா வேணும்" என்றேன்.

வடம் நான் நினைத்ததைவிடத் தடிமன், ஒரு கைக்குள் அடங்கவில்லை. முதல் இழுப்பில் ஒன்றுமே அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் வடம் ஒரு துள்ளு துள்ளியது, பின்னால் கடகடவென்று ஒரு சத்தம், தேர் வந்துவிட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. எனக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. முன்னால் யாரோ, பின்னால் யாரோ, எல்லோருடைய வியர்வையும் என் மேல். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தெற்கு வீதியில் திரும்பியபோது வேட்டுப் போட்டார்கள். ஐயோ தாளிக்கணுமே என்று ஒரு கணம் கை பதறியது. எங்கள் சந்து முனையில் நாத்தனார் கையில் கரண்டியோடு, தள்ளி நின்று, என்னைப் பார்த்துத் தாளித்தாகிவிட்டது என்று சைகை காட்டினாள். நான் ஒரு கையை எடுத்து ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து வடம் வெடுக்கென்று இழுபட, பக்கத்தில் இருந்த சின்னப் பெண் தன் முழு எடையோடு என் கால் கட்டைவிரலை மிதித்துவிட்டாள். உயிர் போய் உயிர் வந்தது. அந்த நகம் பிறகு கறுத்து விழுந்தே போனது. அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ அக்கா, மிதிச்சிட்டேனா?" என்றாள்.

"பரவால்லம்மா, நீ இழு" என்றேன். அந்தச் சொல்லை நான் மனசாரச் சொன்னது அன்றைக்குத்தான்.