மூன்று இடத்திலும் ஒரே எடை

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் போடச் சொல்லி, அப்பா வேலை பார்த்த கம்பெனி ஒரு முழுப்பக்க அஞ்சலி அனுப்பியிருந்தது. "எங்கள் நிறுவனத்தின் தூண்" என்று ஆரம்பிக்கிறது. நான் போடவில்லை. "செத்தவங்க பேர்ல என்ன சண்டை சாமி, போட்டுட்டுப் போ" என்றார் பெரியப்பா. அவர் மன்னிக்க வேண்டும். ஏன் போடவில்லை என்பதை மகளாகிய நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பா பிறந்தது பரமத்தி வேலூர் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில். சேலத்தில் தங்கி இன்ஜினியரிங் படித்தார்கள். படிப்பு முடிந்ததும் எடைக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார்கள். அப்போது அது தகரக் கொட்டகை. லாரியை அப்படியே ஏற்றி எடை பார்க்கும் மேடையை அந்தக் கம்பெனி முதன்முதலில் போட்டது நாமகிரிப்பேட்டையில், ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில். அதை வடிவமைத்தது அப்பா. அதன்பின் சேலம், நாமக்கல் என்று எங்கு பார்த்தாலும் அவர்கள் மேடைதான். கொட்டகை போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்தது.

அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாரம் ஏற்றிய லாரியை மேடையின் முன்முனையில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, பின்முனையில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பார்கள். மூன்று இடத்திலும் ஒரே எடை காட்டினால்தான் கையெழுத்து. இல்லாவிட்டால் திரும்பவும் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். எனக்கு ஒரு நியாயம், தம்பிக்கு ஒரு நியாயம் என்று அப்பா நடந்ததே இல்லை.

பெரிய முதலாளி காலமானதும் அவர் மகன், சின்ன முதலாளி, வந்தார். ஆர்டர் குவிந்தது. "சார், நடுவுல மட்டும் நிறுத்திப் பாத்தாப் போதுங்க. ஒரு மேடைக்கு இத்தன நேரம் ஆனா எப்படிங்க?" என்றார். "வண்டி எங்க நிக்கும்னு நாம சொல்ல முடியுங்களா?" என்று அப்பா கேட்டார்கள். சின்ன முதலாளி அந்தப் பொறுப்பை அப்பாவிடமிருந்து எடுத்துவிட்டார். வேறொருவர் கையெழுத்தில் மேடைகள் வெளியே போகத் தொடங்கின.

அதில் ஒன்று ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் போடப்பட்டது. லாரி கொஞ்சம் பின்தள்ளி நின்றால் எடை குறைத்துக் காட்டியது. மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்த விவசாயிகள் மேடையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சமாளித்துவிட்டு வரச் சொல்லி அப்பாவை அனுப்பினார் சின்ன முதலாளி. அப்பா அங்கேயே மூன்று இடத்திலும் லாரியை நிறுத்திக் காட்டிவிட்டு, "தப்பு எங்களுதுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்கள்.

அதற்குக் கிடைத்த பரிசு 'ஆலோசகர்' பதவி. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. ஒரு நாற்காலி. மின்விசிறி கிடையாது, மேசை கிடையாது, வேலையும் கிடையாது. ஓய்வு பெறும் வரை, வருடக்கணக்காக, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அப்பா அங்கே போய் உட்கார்ந்தார்கள். "விட்டுட்டு வாங்கப்பா" என்று நான் கத்தியிருக்கிறேன். "நான் கையெழுத்துப் போட்ட மேடையெல்லாம் ஓடிட்டு இருக்குது சாமி. ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாங்க" என்பார்கள். நம் சொந்தத்திலேயே சிலர் பிழைக்கத் தெரியாத மனுசன் என்று பேசினீர்கள். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

கடைசி நாட்களில் அப்பா சேலத்தில் மருத்துவமனையில் கிடந்தபோது ஆலைக்காரர்கள் வந்தார்கள், லாரிக்காரர்கள் வந்தார்கள். கம்பெனியிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. ஆனால் அப்பா போன பிறகு வந்த ஆயுத பூஜைக்கு அம்மாவைக் கார் அனுப்பி அழைத்தார்கள். முன் கூடத்துச் சுவரில் அப்பாவின் பெரிய படம். அடியில் கம்பெனியின் பெயர். ரோஜா மாலை. சின்ன முதலாளி கைகூப்பி, "சார் காட்டுன வழியிலதானுங்க போறோம்" என்றார்.

என் அம்மா யாரிடமும் குரல் உயர்த்தாதவர். எழுந்து நின்று கேட்டார்: "இப்பவாச்சும் மூணு எடத்துலயும் நிறுத்திப் பாக்கறீங்களா?"

சின்ன முதலாளி படத்து மாலையைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார்.

"அப்ப அவரு எங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க. படத்தக் கழட்டிக் குடுங்க" என்றார் அம்மா. வாங்கும் வரை அங்கிருந்து அசையவில்லை.

மருத்துவமனையில் முறை வைத்து இரவெல்லாம் உடனிருந்த அத்தை பிள்ளைகளுக்கும், அப்பாவைத் தோள் கொடுத்துச் சுமந்த லாரி ஓட்டுநர்களுக்கும், ஆத்தூரிலிருந்து வேனில் வந்து நின்ற விவசாயிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. கம்பெனிக்குச் சொல்ல நன்றி எதுவும் இல்லை.

இந்த மலரின் அட்டையில் இருக்கும், நாமகிரிப்பேட்டை மேடைமேல் அப்பா சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அந்தக் கம்பெனிச் சுவரிலிருந்து வந்ததுதான். அடியிலிருந்த கம்பெனியின் பெயரை அம்மாவே கத்தரிக்கோலால் வெட்டிய பிறகுதான் அச்சகத்துக்குக் கொடுத்தோம்.