விளக்கு வைத்த பின் வெட்டாத நகம்

மாமியின் நகவெட்டி சமையலறை வாசலில், தமிழ்க்கடையில் கொடுத்த நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஆணியில் சிவப்பு நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். வேண்டுமென்றேதான் அதை அங்கே தொங்கவிட்டிருந்தார். நாட்காட்டியில் கண் படாமல் யாரும் நகவெட்டியில் கைவைக்க முடியாது. செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் கூடாது. வெட்டினால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள். நானும் இதே சட்டத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் என் அம்மா அவசரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார். என் கணவரின் தாயாகிய மாமிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கனடாவில், மொன்றியல் குளிர்காலத்தில் இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்று ஊரில் அதைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. மார்கழியில் இங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மாமி மணிக்கூடு பார்த்து விளக்கு வைப்பவர் அல்ல. இருட்டினால் விளக்கு, அவ்வளவுதான். நான் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் காய்கறி வெட்டும் வேலையில் இருந்தேன். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புவேன். மெட்ரோவால் இறங்கி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என் கணவர் லொறி ஓடுபவர், கிழமையில் பாதி நாள் ரோட்டிலேயே இருப்பார். ஆக, அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நகம் வெட்ட மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஒன்றுதான். அந்தப் பகலையும் பக்கத்து நகரமான லவாலில் யாராவது ஒருவரின் பிறந்தநாள் விழா பிடுங்கிக்கொள்ளும். என் நகங்களை நான் வேலையிடத்துக் கழிவறையில் வெட்டிக்கொண்டேன். லட்சுமி அங்கிருந்து போனால் அது முதலாளியின் பாடு. பூனையின் நகத்துக்குத்தான் வழியில்லாமல் போயிற்று.

பூனை வந்ததும் இந்த நகரத்தின் வழக்கப்படிதான். ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். மேல்மாடியில் இருந்தவர்கள் கட்டிலையும் குளிர்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள், பூனையை ஏற்றவில்லை. அது படிக்கட்டில் இருந்து இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் என் கணவரின் அப்பா, மாமா, கதவைத் திறந்துவிட்டார். சாம்பல் நிறப் பெட்டைப் பூனை. அதன் பிரெஞ்சுப் பெயர் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. மாமா ‘குஞ்சு’ என்று கூப்பிட்டார். மாமி கடைசிவரை ‘உந்தப் பூனை’ என்றுதான் சொன்னார், ஆனாலும் மீன் வெட்டும் நாளில் தலையை எடுத்து அவித்து வைக்கத் தவறியதில்லை.

மாமாவுக்கு அதற்கு முந்திய வருடம் இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் குளிசை. சவரம் செய்யும்போது சின்னக் கீறல் பட்டாலும் துவாய் நனையும். வேலையும் இல்லை, பனியில் வெளியே போகவும் பயம். முன்னறை யன்னலோரம் கதிரையில் இருப்பார், மடியில் குஞ்சு இருக்கும். அதன் முன்னங்காலைத் தூக்கி, விரலடியில் மெத்தென்றிருக்கும் இடத்தை இலேசாக அழுத்துவார். மறைந்திருந்த நகம் அரிசிமணியைப்போல வெளியே வரும். விட்டால் உள்ளே போய்விடும். “பார் பிள்ளை, எவ்வளவு மரியாதை. தேவைப்பட்டால்தான் எடுக்குது,” என்று எனக்குக் காட்டுவார். குஞ்சு கண்ணை மூடிக்கொண்டு காலைக் கொடுத்திருக்கும். அந்த மனிதர் அப்படிச் சிரித்தது பூனை வந்த பிறகுதான் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார்.

நகம் இருக்கிற பிராணி எதையாவது பிறாண்டத்தான் செய்யும். குஞ்சு சோபாவைப் பிறாண்டியது. மாமா ஒரு கட்டையில் தும்புக்கயிறு சுற்றிச் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அது நன்றாகவே வேலை செய்தது. காலையில் எழும்பியதும் குஞ்சு நெளிவெடுத்துக்கொண்டு போய் அந்தக் கயிற்றைக் கறகறவென்று பிறாண்டும் சத்தம் என் அறைவரை கேட்கும். ஆனால் விருந்தாளிகள் வரும் வீட்டில், நடு முன்னறையில், கயிறு சுற்றிய கட்டை நிற்பது மாமிக்குப் பிடிக்கவில்லை. “செத்த வீட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு,” என்று பின்னறைக்கு மாற்றினார். குஞ்சு பின்னறைக்குப் போகவில்லை. சோபாவுக்கே திரும்பியது.

ஒரு வியாழக்கிழமை வேலையால் வந்தபோது நகங்கள் நன்றாக வளர்ந்து, நடக்கும்போது கம்பளத்தில் கொளுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மாமா கீறல் பயத்தால் நகவெட்டி எடுக்கமாட்டார், மாமி பூனையைத் தொடமாட்டார், வெட்டுவதென்றால் நான்தான். நகவெட்டியைக் கழற்றினேன். மாமா துவாயை எடுத்துக் குஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். “வைச்சிடு பிள்ளை. விளக்கு எரியுது,” என்றார் மாமி. “பூனையின்ர நகந்தானே, மாமி.” “ஆரின்ர நகமெண்டாலும் நகந்தான். ஞாயிற்றுக்கிழமை வெட்டலாம்.” மாமா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மாமியின் சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் சொல் இல்லை. நான் நகவெட்டியைத் திரும்ப மாட்டினேன்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்னால் கார்களை எடுக்கச் சொல்லி ஊதும் சைரன் எங்கள் யன்னலுக்கு நேரே அலறியது. மாமாவின் மடியில் நித்திரையாக இருந்த குஞ்சு திடுக்கிட்டுப் பாய்ந்தது. பாயும்போது அதன் நகங்கள் அவர் முன்கையில் கொளுவி இழுபட்டன. இரத்தம் நிற்கவில்லை. ஒரு துவாய், பிறகு இன்னொன்று, பிறகு மாமியின் சீலை. அம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மாமா, “அது கீறேல்லை. பயந்து பாய்ஞ்சது, அவ்வளவுதான்,” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார். நானும் மாமியும் தரையைத் துடைத்தோம். நகவெட்டி அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா கட்டோடு வீட்டுக்கு வந்தார். பூனை விஷயத்தில் கவனம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. கொண்டுபோய் விட்டுவிடுங்கோ என்றார்கள் பாதிப்பேர். மாமா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். “குஞ்சு போனால் நான் இந்தக் கதிரையிலை இருந்து என்ன செய்யிறது?” மீதிப்பேர் சொன்ன வழி வேறு. நகத்தை ஒரேயடியாக எடுத்துவிடலாம், பேந்து கரைச்சல் இல்லை. அப்போது அதைத் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை.

நானும் மாமியும் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒரு மிருக வைத்தியரிடம் போனோம். இளம்பெண். மாமியிடம் பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் ஆங்கிலத்துக்கு மாறினாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டிவிட்டால் போதுமே என்றாள். பிறாண்டும் கட்டையைப் பூனை புழங்கும் இடத்தில் வைக்கவேண்டும், ஒளித்து வைத்தால் பயனில்லை என்றாள். நகத்துக்கு மேலே ஒட்டுகிற சின்ன ரப்பர் உறைகளை எடுத்துக் காட்டினாள். மாமிக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. “பூனைக்குச் சப்பாத்தோ!” என்றார். பிறகு, “விளக்கு வைச்சாப் பிறகுதான் வெட்டுற ஆள் வீட்டிலை இருக்கிறது, அதுக்குப் பிறகு வெட்டேலாது எண்டு சொல்லு,” என்றார். நான் சொன்னேன். உங்கள் வீட்டில் மின்சாரம் இல்லையா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றேன். அதற்குமேல் விளக்க என்னால் முடியவில்லை.

அவள் தன் சுட்டுவிரலை நீட்டி, மேல் மடிப்பில் மற்றக் கையின் விரலை வைத்து, கத்தி வைப்பதுபோல அழுத்திக் காட்டினாள். பூனைக்கு நகம் எலும்பிலிருந்துதான் முளைக்கிறது. நகத்தை நிரந்தரமாக எடுப்பதென்றால் ஒவ்வொரு விரலிலும் இந்த இடம்வரை வெட்டவேண்டும். தான் அதைச் செய்வதில்லை என்றாள். இதை நான் தமிழில் சொல்லத் தேவைப்படவில்லை. மாமி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்சில் நான், “ஞாயிறு ஞாயிறாய் நான் வெட்டிவிடுறன், மாமி. கட்டையைத் திரும்ப முன்னறையிலை வைப்பம்,” என்றேன். மாமி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்: “ஒரு ஞாயிறு மறந்தால்?” நான் கூடையின் மூடியை அழுத்திப் பிடித்தேன். “எனக்கு மனுசன் வேணுமெல்லே, பிள்ளை,” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்கு என்ன வேணும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அவரைக் கோபிக்க நினைத்தேன். கோபம் வரவில்லை, பூனைக்காக இரக்கமும் வரவில்லை. நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் கீரை கழுவினால் விரல்கள் என்னுடையவைதானா என்று தெரியாமல் விறைத்துப்போகும். அப்படி இருந்தது.

வேறொரு வைத்தியசாலை கிடைத்தது. அங்கே படமும் காட்டவில்லை, விரலும் காட்டவில்லை. முன்னங்கால்கள் மட்டும் என்றார்கள், ஒரு நாள் தந்தார்கள். அது செவ்வாய்க்கிழமை. நகம் வெட்ட நாள் பார்க்கும் எங்கள் வீட்டில், அந்த நாளுக்கு மட்டும் யாரும் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

குஞ்சு இரண்டு முன்னங்கால்களிலும் கட்டோடு வந்தது. புண்ணில் மண் ஒட்டாமல் இருக்க, அது மலம் கழிக்கும் பெட்டியில் மண்ணுக்குப் பதிலாகக் கடதாசியைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார்கள். மாமி வாரப் பத்திரிகையை ஒரே அளவில் கிழித்துப் போட்டார். நல்ல கவனமாகத்தான் பார்த்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுப்படி வெதுவெதுப்பில் படுக்கை போட்டார், மீனை முள் எடுத்து ஊட்டினார். கட்டு அவிழ்த்த பிறகும் குஞ்சு நெருப்பில் மிதிப்பதுபோல நடந்தது. யன்னல் தட்டுக்குப் பாய்ந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல் விழுந்தது. பிறகு பாய்வதை விட்டுவிட்டது. மாமி கயிற்றுக் கட்டையைத் தானாகவே முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார். காலையில் குஞ்சு அதனிடம் போய், முன்போலவே எழும்பி நின்று, இரண்டு கால்களாலும் மாறி மாறி இழுக்கும். சத்தம் வராது.

மாமாவின் மடிக்கு அது வருவது குறைந்தது. வந்தாலும் காலைத் தொட விடாது. ஒருநாள் அவர் பழைய ஞாபகத்தில் விரலடியை அழுத்தியபோது கடித்துவிட்டது. நகம் இல்லாத பூனைக்குப் பல் இருக்கிறதே. மாமா அதை மறைத்து, உள்வீட்டிலும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தார். கையோரம் நனைந்திருந்ததை மாமிதான் கண்டார். சட்டையைச் சுருட்டிப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்து, “இனிப் பல்லையும் பிடுங்கச் சொல்லுவீரோ?” என்றார். அந்த மனிதர் மனைவியிடம் அப்படிக் கதைத்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். மாமி மஞ்சள் எடுக்கப் போனார்.

பனி கரைந்த மாதத்தில் மாமா இறந்தார். கடியாலும் அல்ல, கீறலாலும் அல்ல. இதயம் நின்றது, நித்திரையில். எந்த இரத்தத்துக்காக அவ்வளவும் செய்தோமோ அதில் ஒரு துளியும் வெளியே வரவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்து போனார்கள். நான் தேநீர் ஊற்றினேன், கோப்பை கழுவினேன். மாமி அழுததை நான் பார்க்கவில்லை. குஞ்சு வெறுங்கதிரைக்குக் கீழே படுத்திருந்தது.

செலவுச் சடங்கெல்லாம் முடிந்து ஆட்கள் வருவது நின்ற பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்தேன். சாமி அறையில் விளக்கு எரிந்தது. மாமி அதன் முன்னால் நிலத்தில் இருந்தார். மடியில் துவாய், துவாய்க்குள் குஞ்சு, கையில் சிவப்பு நூலோடு நகவெட்டி. பின்னங்கால் நகங்களை யாரும் எடுக்கவில்லை. அவை வளர்ந்துகொண்டுதான் இருந்தன. மாமி ஒவ்வொன்றாக நுனியை வெட்டினார், அந்த இளம்பெண் சொன்ன மாதிரியே, நுனியை மட்டும். குஞ்சு பேசாமல் கொடுத்திருந்தது. நான் வாசலில் நின்று, “மாமி, வெள்ளிக்கிழமை,” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பழக்கதோஷம். அவர் தலை நிமிரவில்லை. “போறதெல்லாம் போயிட்டுது, பிள்ளை,” என்றார்.

பின்னங்கால்கள் முடிந்ததும் முன்னங்காலைத் தூக்கினார். குஞ்சு இழுத்துக்கொண்டது. விடாமல் மெதுவாகப் பிடித்து, மாமா செய்வதுபோல விரலடியை அழுத்தினார். அடுத்த விரலை அழுத்தினார். எல்லா விரல்களையும் அழுத்திப் பார்த்த பிறகுதான் காலை விட்டார்.

பின்னர் கியூபெக்கில் சட்டம் போட்டு அந்தச் சத்திரசிகிச்சையை நிறுத்தினார்கள். செய்தியை நான் மெட்ரோவில் கைபேசியில் படித்தேன். மாமியிடம் சொல்வோமா என்று நினைத்தபோது அவர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவரைக் கொடுமைக்காரி என்று எழுத என்னால் முடியாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்கச் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலை இருந்தது. அதை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நம்பினோம். அந்த வேலையைத்தான் மாமி பிறகு பின்னங்கால்களுக்குத் தன் கடைசி மாதம்வரை தவறாமல் செய்தார்.

குஞ்சு இப்போது என்னோடு இருக்கிறது, கிழடாகிவிட்டது. நகவெட்டி அதே ஆணியில் தொங்குகிறது, பக்கத்தில் இந்த வருடத்து நாட்காட்டி. வேலையால் வந்து விளக்கை வைத்துவிட்டு, எந்தக் கிழமை என்று பாராமல் அதைக் கழற்றுவேன். குஞ்சு தானாக வந்து துவாயில் படுக்கும். பின்னங்கால்களை வெட்டி முடித்த பிறகு முன்னங்காலையும் கையில் எடுக்கிறேன். இப்போது அது இழுப்பதில்லை. விரலடியை அழுத்துகிறேன். ஒன்றும் வெளியே வருவதில்லை. அடுத்த விரலை அழுத்துகிறேன்.